முட்டுப் பிரிக்கும் நாள்

காளிக்காட்டுப்புதூர்,
கோபிசெட்டிபாளையம் வழி.
12.6.1996

மஸ்கட்டுல ஒட்டகத்துக்குப் பல்லு வெளக்கி உடற மாப்ளே கதிரேசனுக்கு, தாய்மாமன் மாரப்பன் எழுதிக்கறது. இங்க நான், என்ற தங்கச்சியும் உன்ற அம்மாளுமான ராமாத்தா, என்ற பையன் ரவிக்குமாரு, ரெண்டு வெள்ளாடு, அல்லாரும் சௌக்கியம். அங்க நீயும் ஒட்டகமும் எப்புடி?

உன்ற காயிதம் வந்து சேந்துது. "ஓலைச் சாளையப் பிரிச்சுப்போட்டுத் தளம் போட்ட தார்சு ஊடு கட்டுங்க மாமா, அம்மா இனிமேல் ஒழுகற கூரைக்கடியில குண்டான் வெக்கக் கூடாது"ன்னு எழுதியிருந்தயே, அத நாலு வாட்டி படிக்கச் சொல்லிக் கேட்டா உன்ற அம்மா. அஞ்சாவது வாட்டி நானே சேத்திப் படிச்சேன், "மாமனுக்கு மாடியில ஒரு ரூமு, தெனமும் ஒரு கோழி"ன்னு. நம்பிப்போட்டா. "தெனமும் எதுக்கு, வாரத்துக்கு ஒண்ணு போதும்"ங்கறா.

நீ சொன்னபடி கோபிக்குப் போயி, லைசென்சு இருக்கற இஞ்சினியரு கோவிந்தராஜுலுவப் பாத்தேன். பேரச் சொல்லி முடிக்கறதுக்குள்ள பஸ்ஸு போயிரும் போல. லைசென்சக் கண்ணாடி போட்டுச் செவுத்துல மாட்டியிருக்கறாரு. "ஏனுங்க, இது கல்யாணப் போட்டாவுங்களா?"ன்னேன். சிரிச்சாரு. "உக்காருங்க"ன்னு சேரு இழுத்துப் போட்டாரு. அவுக மாதிரி ஆளு முன்னால சேருல உக்காந்தா எனக்கு நாயம் பேச வராது. நின்னுக்கிட்டேதான் பேசுனேன்.

படம் போட்டுக் குடுத்துட்டாரு. ஒரு ஹாலு, ஒரு ரூமு, அடுப்படி. ஹாலு பெருசுங்கறதுனால நடுவால குறுக்க ஒரு பீமு. ஆவணியில ஆரம்பிச்சாத் தை, மாசியில முடிச்சுத் தாரேன், நானே வந்து வந்து பாத்துக்கறேன்னாரு.

உன்ற அம்மா சொல்லச் சொன்னது: வேளைக்குச் சோறுண்ணு. தலைக்குத் துண்டு கட்டாம வெய்யில்ல நிக்காத. மாமன் எழுதறதுல பாதியத்தான் நம்போணும்.

இப்படிக்கு, மிச்சப் பாதி,
மாரப்பன்

*

மஸ்கட்
2.7.1996

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

கதிரேசன் வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? அம்மாவுக்கு இருமல் நின்றதா? ரவிக்குமாரைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஒட்டகத்தை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை மாமா. பார்ப்பதெல்லாம் கம்பிதான். காலையில் தொடங்கினால் கம்பி கட்டிக்கொண்டே இருக்கிறேன்.

இன்ஜினியரைப் பார்த்தது பெரிய நிம்மதி. ஏன் அப்படி வற்புறுத்தினேன் என்று சொல்கிறேன். போன வாரம் ஐந்தாவது மாடித் தளத்துக்குக் கான்கிரீட் கொட்ட எல்லாம் தயார். கலவை வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. சைட் இன்ஜினியர் வந்து பலகைக்குக் கீழே குனிந்து, தாங்கி நிற்கும் முட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். ஒரு மூலையில் நான்கு குறைந்தது. வேலையை நிறுத்திவிட்டார். கலவை எல்லாம் வீண். போர்மேன் கத்தினார். "விழுந்தா ஜெயிலுக்குப் போறது நான், கத்தறவன் இல்லை" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார் அந்த மனிதர். கையெழுத்துப் போடுகிறவன் ஒருவன் இருந்தால்தான் பயம் இருக்கிறது மாமா.

இன்னொரு விஷயம். எனக்கு நவம்பர் 28 முதல் டிசம்பர் 14 வரை லீவு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த லீவு தொண்ணூற்றெட்டில்தான். நான் இருக்கும்போது கார்த்திகையிலேயே பால் காய்ச்ச வேண்டும். மார்கழி பிறந்தால் ஆகாது. தை, மாசி என்றால் நான் இருக்க மாட்டேன். எப்படியாவது முடித்துவிடுங்கள் மாமா. அம்மா புது வீட்டில் முதல் அடி வைப்பதை நான் பார்க்க வேண்டும்.

உங்கள் மருமகன்,
கதிரேசன்

*

காளிக்காட்டுப்புதூர்
30.7.1996

கம்பி கட்டற தொரை கதிரேசன் சமூகத்துக்கு, மாமன் எழுதறது. என்ற முட்டி வலிச்சுக்கிட்டே சௌக்கியமா இருக்குது. உன்ற அம்மாளுக்கு இருமல் நின்னு போச்சு, இப்ப வாயி நிக்க மாட்டீங்குது. நீ எப்புடி, ஒடம்பு தேவலையா?

"எப்படியாவது"ன்னு ஒரு வார்த்தை போட்டயே, அதுக்கப்பறம் மாமன் சும்மா இருப்பானா? உன்ற காயிதம் வந்த மூணாம் நாளு, ஆடி பொறக்கறதுக்கு மின்னால, ஆனி கடைசி முகூர்த்தத்துலயே அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிப்போட்டோம். உன்ற அம்மா கடப்பாறைக்கு மஞ்சத் தடவிப் பொட்டு வெச்சு, அதுக்கு ஒரு மொழம் பூவும் சுத்துனா. "எனக்குக் கல்யாணத்தப்பக் கூட இத்தன பூ வெக்கலியே அம்மணி"ன்னேன். "நீ கடப்பாறையாட்ட நேரா நிக்கலையே"ன்னு போட்டா ஒரு போடு.

சாளையப் பிரிச்சாச்சு. இப்ப அவ என்ற ஊட்டுலதான் இருக்கறா. என்ற சமையலுக்குத் தெனமும் ஒரு கொறை.

வேலை சுறுசுறுப்பா நடக்குது. படம் கையில இருக்குது. பாத்துக்கற ஆளு கெட்டிக்காரன், நம்ம ஆளு. ரவிக்குமாரும் கூடமாட நிக்கறான். கோயமுத்தூருல மூணு வருசம் சென்ட்ரிங் வேலையில இருந்தவனாச்சே. வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டுது. ஒண்ணு உன்னாட்டவே முழிக்குது, கதிரேசான்னா திரும்பிப் பாக்குது.

உன்ற அம்மா சொல்லச் சொன்னது: அடுப்படிக்கு ரெண்டு சன்னலு வேணுமாமா. பொகையில கண்ணு போச்சு, இனியாச்சும் காத்து வரட்டும்.

இப்படிக்கு, நேரா நிக்காத கடப்பாறை,
மாரப்பன்

*

மஸ்கட்
28.8.1996

அன்புள்ள மாமா,

வணக்கம். நலம். நீங்கள் எல்லாரும் நலமென்று எழுதியது மகிழ்ச்சி. அடுப்படிக்கு மூன்று ஜன்னல்கூட வையுங்கள்.

கடிதத்தைப் பல தடவை படித்தேன். ஆட்டுக்குட்டி முழிப்பது வரை எழுதியிருக்கிறீர்கள். கோவிந்தராஜுலு சார் எத்தனை முறை வந்து பார்த்தார் என்று எழுதவில்லை. "கெட்டிக்காரன், நம்ம ஆளு" என்பது யார்? ஆவணியில் ஆரம்பிப்பேன் என்றவர் ஆனியிலேயே வந்துவிட்டாரா?

ரவிக்குமார் கூட நிற்பது நல்லதுதான். ஆனால் அவன் பார்த்தது பலகை அடிக்கிற வேலை மாமா. நானும் இரண்டு வருடமாகக் கம்பி கட்டுகிறேன். எத்தனை கம்பி, எவ்வளவு நெருக்கம் என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது. எழுதிக் கொடுப்பதைக் கட்டுகிறேன், அவ்வளவுதான்.

இதற்கு மட்டும் நேராகப் பதில் எழுதுங்கள்.

கதிரேசன்

*

காளிக்காட்டுப்புதூர்
20.10.1996

இஞ்சினியரு மேல ஆசப்பட்டுப்போன மாப்ளைக்கு, மாமன் ஆசீர்வாதம். நாங்க நல்லா இருக்கறோம். உன்ற ஒடம்பப் பாத்துக்கோ.

காயிதத்துக்குக் காயிதம் இஞ்சினியரு, இஞ்சினியருன்னா நான் என்னத்தச் செய்யட்டும்? கோபிக்குப் போயிப் பொண்ணு கேட்டு வாரட்டுமா? அவருக்கு மீசை இருக்குது, உனக்குச் சம்மதந்தான?

பதில் எழுதத் தாமசமாச்சுன்னு கோவிச்சுக்காத. செவுரு எந்திரிச்சுப் போச்சு. ஊடே நின்னுக்கிட்டிருக்கையில காயிதம் எழுத ஆருக்கு நேரம்? ஜனங்க ரோட்டுல போறவங்க நின்னு பாத்துப்போட்டுப் போறாங்க. நம்ம தெருவுல மொதல் தார்சு ஊடல்லோ.

ஒரு சின்னச் சமாச்சாரம். ஹாலுக்கு நடுவால வாரதா இருந்த பீமு இருக்குதே, அத எடுத்துப்போட்டோம். உன்ற அம்மா கட்டிலு அதுக்கு நேர் கீழதான் வருது. பீமுக்கடியில படுத்தா நெஞ்ச அமுக்கும், ஊட்டுல ஆளு தங்காதுன்னு பண்ணாரி கோயிலுக்குப் போன எடத்துல ஆரோ சொல்லிப்போட்டாங்களாம். ரெண்டு நாளு சோறுண்ணாம உக்காந்துக்கிட்டா. அப்பறம் ரவிக்குமாருதான், "அத்தை, பீமே வேண்டாம், தளத்தக் கனத்துல ஒரு இஞ்சு சேத்திப் போட்டுக்கலாம், யானை ஏறுனாலும் தாங்கும்"னான். அப்பத்தான் தட்டுல கை வெச்சா. ஹாலும் இப்பப் பளிச்சுன்னு இருக்குது, சினிமாக் கொட்டாயாட்ட.

முப்பத்தொண்ணாந் தேதி காங்கிரீட்டு. உன்ற லீவுக்குக் கச்சிதமா முடிஞ்சுரும்.

உன்ற அம்மா சொல்லச் சொன்னது: வாரப்ப எனக்கு ஒண்ணும் வாங்காத. நீ வா, போதும்.

மாமன்
மாரப்பன்

*

காளிக்காட்டுப்புதூர்
3.11.1996

மாப்ளே, சௌக்கியமா? உன்ற பதிலு வாரதுக்கு மின்னாலயே எழுதறேன், சந்தோசம் தாங்குல.

வியாழக்கெழம தளம் போட்டாச்சு. காத்தால ஆறு மணிக்குக் கலவ மிசினு உருட்டுனது, பொழுது எறங்கறப்பத்தான் நின்னுது. பதினெட்டு ஆளு. நடுவால ஒரு தூத்தல் போட்டுது, அரைமணி நேரத்துல உட்டுருச்சு. ஆளுகளுக்கெல்லாம் கெடா வெட்டிச் சோறு போட்டோம். பயப்படாத, உன்ற பேரு வெச்ச குட்டி இல்ல.

உன்ற அம்மாளப் பாக்கோணுமே! தளத்துமேல பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தியிருக்குது. காயாம அவதான் ஊத்தறா. ஏணியில கொடத்தோட ஏறி எறங்கறா. "அம்மணி, நெல்லு நட்டரலாமா?"ன்னு கீழ இருந்து கேட்டேன். ஒரு சொம்புத் தண்ணிய என்ற தலையில ஊத்திப்போட்டா.

தீவாளி முடிஞ்சு பதிமூணாந் தேதி முட்டெல்லாம் பிரிச்சுருவோம். பிரிச்சாத்தான பூசி, சுண்ணாம்படிச்சு, நீ வாரதுக்குள்ள தயார் பண்ணலாம்.

உன்ற அம்மா சொல்லச் சொன்னது: முட்டுக்கு எடையில பூந்து போயி அண்ணாந்து பாத்தேன் சாமி. மேல ஒரு ஓட்டையும் இல்ல.

மாரப்பன்

*

மஸ்கட்
11.11.1996

அன்புள்ள மாமா,

வணக்கம். எல்லாரும் நலமா? என்னைப் பாலைவனத்தில் ஒரு சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள். கடிதம் வாரத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. பீமை எடுத்துவிட்டதாக நீங்கள் எழுதியது நேற்றுத்தான் கைக்கு வந்தது. இரவெல்லாம் தூங்கவில்லை.

அந்தப் பீம் அழகுக்குப் போட்டதில்லை மாமா. இங்கே இன்ஜினியரிடம் நம் ஹால் அளவைக் குத்துமதிப்பாகச் சொல்லிக் கேட்டேன். "யார் எடுக்கச் சொன்னது?" என்று அவர் கேட்ட தோரணையே எனக்குப் பிடிக்கவில்லை. கான்கிரீட் கொட்டியிருந்தால் முட்டு ஒன்றைக்கூடத் தொடாதீர்கள். கோவிந்தராஜுலு சாரை நேரில் கூட்டி வந்து காட்டுங்கள். இடித்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னால் போடுங்கள். செலவைப் பற்றிப் பேச வேண்டாம்.

அவசரம் ஒன்றுமில்லை. என் லீவைப் பிப்ரவரிக்குத் தள்ளிவிட்டார்கள். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். தையில், மாசியில் எப்போது வேண்டுமானாலும் பால் காய்ச்சலாம். முட்டு நிற்கட்டும் மாமா. நான் வரும்வரைகூட நிற்கட்டும்.

கதிரேசன்

*

தந்தி
14.11.1996

அம்மா காலமானார். நெஞ்சு வலி. மாரப்பன்.

*

காளிக்காட்டுப்புதூர்
2.12.1996

கதிரேசனுக்கு மாமன் எழுதறது.

தைரியமா இரு கண்ணு. வேளைக்குச் சாப்புடு.

அவளுக்கு நோவுன்னு ஒண்ணும் பெருசா இல்ல. வியாழக்கெழம மத்தியானம் படுத்தா. எந்திரிக்குல. டாக்டரு வந்து பாத்து முடிஞ்சுபோச்சுன்னாரு. நீ வரமுடியாதுன்னு கம்பெனியில இருந்து தகவல் வந்ததுனால ரவிக்குமாருதான் கொள்ளி வெச்சான். மொட்டை அடிச்சுக்கிட்டான். காரியம் எல்லாம் கொறையில்லாம முடிஞ்சுது.

நீ பதினொண்ணாந் தேதி எழுதுன காயிதம் காரியத்தன்னைக்கு வந்துது.

வேற ஒண்ணும் இல்ல.

மாரப்பன்

*

மஸ்கட்
24.12.1996

அன்புள்ள மாமா,

வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் ஒரே தங்கச்சி. உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பாஸ்போர்ட் கம்பெனி கையில் இருக்கிறது. வேலை முடியாமல் அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். தந்தியைக் காட்டினேன். "அடக்கம் முடிந்திருக்குமே, போய் என்ன செய்வாய்?" என்று கேட்டார்கள். அன்றைக்கும் கம்பி கட்டினேன்.

ரவிக்குமார் எனக்குப் பதிலாகக் கொள்ளி வைத்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அவனிடம் சொல்லுங்கள்.

ஒன்று கேட்கட்டுமா? உங்கள் கடிதத்தில் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சிரிப்பு இல்லாததைப் புரிந்துகொள்கிறேன். வீடும் ஏன் இல்லை? அம்மா ஒருநாளாவது அதற்குள் இருந்தாளா? அதைத் தெரிந்துகொண்டால் மனசு கொஞ்சம் ஆறும்.

கோவிந்தராஜுலு சாருக்கும் நன்றி சொல்லி ஒரு கடிதம் போட்டிருக்கிறேன்.

கதிரேசன்

*

கோபிசெட்டிபாளையம்
13.1.1997

திரு. கதிரேசன் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் தாயாரின் மறைவுக்கு என் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். தாங்கள் எனக்கு நன்றி சொல்லி எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு நான்கு நாட்கள் பதில் எழுத முடியாமல் இருந்தேன். தங்களுக்கு உண்மை தெரியாது என்பது அந்தக் கடிதத்திலிருந்தே தெரிகிறது.

தங்கள் வீட்டை நான் கட்டவில்லை. வரைபடம் மட்டும் போட்டுக் கொடுத்தேன். ஜூலை மாதம் தங்கள் மாமா வந்து, வேலை அடுத்த தைக்குத் தள்ளிப்போய்விட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. வேலையைச் செய்தது அவருடைய மகன் ரவிக்குமார். அவருக்கு உரிமம் கிடையாது. ஒரு தளத்தைக்கூடத் தனியாகப் போட்ட அனுபவம் இல்லை.

நவம்பர் 13ஆம் தேதி முட்டுகளைப் பிரித்திருக்கிறார்கள். தளம் போட்டுப் பதின்மூன்று நாட்களே ஆகியிருந்தன. அவ்வளவு அகலமான தளத்துக்கு, பீம் இருந்திருந்தாலும் மூன்று வாரமாவது முட்டு நிற்க வேண்டும். பீமை எடுத்துவிட்டுக் கனத்தைக் கூட்டியிருக்கிறார்கள். கூடியது பலம் இல்லை, பாரம். மறுநாள் பகல் பதினொன்றரை மணிக்கு, கட்டிலை உள்ளே போட்டுப் படுத்துப் பார்க்கிறேன் என்று தங்கள் தாயார் போயிருக்கிறார்கள். ஹால் தளம் முழுவதும் விழுந்தது.

மழையில் சுவர் ஊறிச் சரிந்ததாகக் காவல் நிலையத்தில் தங்கள் மாமா எழுதிக் கொடுத்திருக்கிறார். படத்தில் என் கையெழுத்து இருந்ததால் என்னையும் அழைத்தார்கள். போய்ப் பார்த்தேன். மழை காரணமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதன்பின் யாரும் என்னைக் கேட்கவில்லை. பஸ்ஸில் அரைமணி நேரப் பயணம். தையில்தானே வேலை என்று நம்பாமல் நானே ஒருமுறை வந்து பார்த்திருக்கலாம். இதை என்னிடம் நான் தினமும் சொல்லிக்கொள்கிறேன்.

தங்களுக்கு இவ்வளவு எழுத இன்னொரு காரணமும் உண்டு. அதே தெருவில் சின்னாத்தாள் என்கிற அம்மாளின் வீட்டை இப்போது ரவிக்குமார் கட்டிக்கொண்டிருக்கிறார். மழையால் விழுந்தது என்பதை அவர்கள் நம்புகிறார்கள். நான் போய்ச் சொன்னேன். "வேலை போயிருச்சுன்னு பொறாமைல பேசறீங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

தங்கள்,
கோவிந்தராஜுலு

*

மஸ்கட்
2.2.1997

மாமா,

இன்ஜினியர் கடிதம் வந்தது.

என் அம்மா எப்படிச் செத்தாள் என்பதை யாரோ ஒருவர் எழுதித் தெரிந்துகொண்டேன். லீவு தேதியை எழுதி, எப்படியாவது முடியுங்கள் என்று கேட்டவன் நான். அது எனக்குத் தெரியும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சின்னாத்தாள் அக்காவுக்கு மூன்று பிள்ளைகள். கடைசிக்கு இன்னும் நடக்கத் தெரியாது. ரவிக்குமார் அந்த வீட்டுத் தளத்தை எப்படிப் போடுகிறான், எப்போது முட்டுப் பிரிக்கிறான்?

என் லீவு மறுபடியும் தள்ளிப்போய்விட்டது. இதற்காவது நேராகப் பதில் எழுதுங்கள்.

கதிரேசன்

*

காளிக்காட்டுப்புதூர்
15.2.1997

கதிரேசா,

நல்லா இருக்கறயான்னு கேக்கற வாயி எனக்கில்ல. இருந்தாலும் கேக்கறேன். நல்லா இருக்கறயா கண்ணு?

இஞ்சினியரு எழுதுனது அத்தனையும் நெசம். அவருக்குத் தெரியாததையும் நான் எழுதிப்போடறேன்.

ரவிக்குமாரு கோயமுத்தூருல மூணு வருசமும் முட்டுச் சொமந்தவன். காங்கிரீட்டு எப்ப எறுகும், எது எதைத் தாங்கும்னு அவனுக்கு ஆரும் சொல்லிக் குடுக்கல. அவனும் கேக்கல. "அப்பா, இந்த ஒரு ஊட்ட எனக்குக் குடுங்க, இதக் காட்டி நாலு ஊடு புடிச்சுக்கறேன்"னு கெஞ்சுனான். நம்ம தெருவுல ஒருத்தன் மம்முட்டியக் கீழ வெச்சுப்போட்டு வாசல்ல காண்ட்ராக்டருன்னு போர்டு மாட்டுனா எப்புடி இருக்கும்னு நெனச்சேன். இஞ்சினியருகிட்டப் போயிப் பொய் சொன்னது நாந்தான். உனக்குப் பதிலு சொல்ல வழியில்லாம அவர் மீசையக் கிண்டல் பண்ணுனதும் நாந்தான்.

தேதி குடுத்தது நீயின்னு குத்திக்காத. நீ தேதிதான் குடுத்த. பீம எடுக்கச் சொல்லி நீ எழுதுல.

இன்னொண்ணு. முட்டுப் பிரிக்கறப்பத் தளம் ஒரு சத்தம் போட்டுது. முறுக்கக் கடிச்சாப்புல. நான் கேட்டேன். ரவிக்குமாரும் கேட்டான். "புதுசு, அப்புடித்தான்"னான். அதுக்கும் நான், "உன்ற அத்தையாட்டவே மொணமொணங்குது பாரு"ன்னேன். அவளும் பக்கத்துல நின்னு சிரிச்சா. நான் அன்னைக்கு அந்த லொள்ளுப் பேசாம வாய மூடிக்கிட்டு ஒருவாட்டி அண்ணாந்து பாத்திருந்தா, அவள உள்ள உட்டிருக்க மாட்டேன்.

நீ கேட்டதுக்குப் பதிலு. சின்னாத்தா ஊட்டுக்குத் தளம் போட்டு இன்னைக்குப் பத்து நாளு. முட்டு வேற ஊட்டுக்கு வேணும்னு இன்னைக்குப் பிரிக்கறதா இருந்தான். உன்ற காயிதம் நேத்து வந்துது. இன்னைக்குக் காத்தால ஒரு பாயி, ஒரு சொம்புத் தண்ணி, இந்தக் காயிதம் பேனா எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு உள்ள போயி, முட்டுக்கு நடுவால பாய விரிச்சு உக்காந்துக்கிட்டேன்.

ரவிக்குமாரு வந்தான். "அப்பா, வெளிய வாங்க, ஆளுக நிக்கறாங்க"ன்னான்.

"நீ பாட்டுக்குப் பிரி. நான் பாட்டுக்கு உக்காந்திருக்கறேன்"னேன்.

"வெளையாடாதீங்கப்பா."

"வெளையாட்டெல்லாம் போன கார்த்திகைக்கு மின்னாலயே முடிஞ்சுது. பிரிடா."

சின்னாத்தா ஓடியாந்தா. "ஏனுங் மாமா, நல்ல காரியம் நடக்கற எடத்துல வந்து உக்காந்துக்கிட்டு இதென்னங்க கூத்து? ஆராவது இந்தக் கெழவன இழுத்து வெளிய போடுங்களே!"ன்னு சத்தம் போட்டா. தெருவே கூடிப்போச்சு. அத்தன பேரு மின்னாலயும் சொன்னேன். "மழை ஒண்ணும் பண்ணல அம்மணி. என்ற தங்கச்சி இவன் போட்ட தளம் வுழுந்துதான் செத்தா. இவனுக்கு இந்த வேலை தெரியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் குடுத்தேன். ஸ்டேசன்ல எழுதிக் குடுத்ததும் பொய்யி."

 சின்னாத்தா இடுப்புல இருந்த கொழந்தையத் தூக்கிக்கிட்டு வாசல் தாண்டி ரோட்டுக்கே போயிட்டா.

கோபிக்கு ஆளனுப்பிச்சேன். மூணு மணி பஸ்ஸுக்கு இஞ்சினியரு வந்துட்டாரு. என்னைய ஒரு வார்த்தை கேக்கல. குனிஞ்சு ஒவ்வொரு முட்டையும் புடிச்சுப் பாத்தாரு. இன்னும் எட்டு முட்டு ஒடனே குடுக்கோணும், இருக்கறதுல ஒண்ணையும் தொடக்கூடாது, ஒரு மாசம் போவட்டும், அப்பறந்தான் இந்தத் தளம் இருக்கறதா இடிக்கறதான்னு சொல்லுவேன்னாரு. சின்னாத்தா ரோட்டுல உக்காந்து அழுவறா. அழுவட்டும். அழுவறதுக்கு உசுரோட இருக்கறா.

நாளைக்குக் காத்தால ஸ்டேசனுக்குப் போயி மாத்தி எழுதிக் குடுக்கறேன். என்ற பேரும் வரும், அவன் பேரும் வரும். நீ எனக்காவப் பேசவேண்டாம்.

எட்டு முட்டும் இன்னும் வந்து சேரல. வர்ற வரைக்கும் நான் எந்திரிக்கறதா இல்ல. இங்க உக்காந்துதான் இத்தனையும் எழுதுனேன். ஆளுகெல்லாம் கலைஞ்சு போயிட்டாங்க. ரவிக்குமாரு மட்டும் வாசப்படிக்கு வெளிய தலையக் கவுத்திக்கிட்டு உக்காந்திருக்கறான்.

இப்பச் சித்த முந்திக் கூப்புட்டேன். "வா சாமி, உள்ள வந்து அப்பங்கிட்ட உக்காரு. நீ போட்ட தளந்தான"ன்னேன்.

எந்திரிச்சு வாசல் நெலப்படி வரைக்கும் வந்தான். அண்ணாந்து பாத்தான்.

உள்ள வரல.

மாரப்பன்